முடிவெடுக்க மிச்சமிருக்கும் 300 மீட்டர்

மலேசியாவின் பந்திங்கில் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள ஒட்டுக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை கூடுகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை அறுத்தவர்கள், ஆலையில் வேலை பார்த்தவர்கள். சில வாரங்களுக்கு முன் அங்கே ஒரு வீடியோ கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் எங்கோ நடந்த கிளைடர் போட்டி. மெலிந்து நீண்ட வெள்ளை இறக்கைகளோடு ஒரு விமானம் சத்தமே இல்லாமல் ஒரு வயலை நோக்கித் தாழ்கிறது. கடைசி நேரத்தில் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. இறக்கை நுனி பயிரில் சிக்குகிறது. விமானம் அப்படியே பம்பரம்போல் சுழன்று, வால் ஒடிந்து, புழுதிக்குள் மறைகிறது. மொத்தமே 15 வினாடி இருக்கும்.

"ஏம்ப்பா, எஞ்சினே இல்லாத வண்டிய எதுக்கு மேல ஏத்தணும்? அப்புறம் வயல்ல விழுந்துட்டான்னு எதுக்கு அலறணும்?" என்று கேட்டார் ஒரு பெரியவர். பழைய மண்டோர், தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கியவர். அப்பாவோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர், எனக்குப் பெரியப்பா முறை. என்னைப் பார்த்துக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் படித்தபோது இரண்டு கோடை விடுமுறைகளை ஒரு கிளைடர் கிளப்பில் கழித்தேன். பறந்தது கொஞ்சம்தான். வயலில் இறங்கிய விமானங்களைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்ததுதான் அதிகம்.

தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த 15 வினாடியில் நாம் பார்ப்பது விபத்தின் கடைசிக் கட்டம். அது தொடங்கிய இடம் அதற்குப் பத்து நிமிடம் முந்தி, பல நூறு மீட்டர் உயரத்தில், யாரும் படம் பிடிக்காத ஓர் இடத்தில் இருக்கிறது.

கிளைடர் எப்படி மேலே நிற்கிறது?

நிற்பதே இல்லை. அது எந்நேரமும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மேட்டிலிருந்து மிதிக்காமல் சைக்கிளை விட்டால் உருண்டு போகிறதே, அதுபோலக் காற்றில் சறுக்கி முன்னே போகிறது. அந்த வேகம்தான் இறக்கைக்குத் தூக்கும் விசையைத் தருகிறது. போட்டிகளில் பறக்கும் 15 மீட்டர் இறக்கை விமானம் ஒரு மீட்டர் தாழ்வதற்குள் 40 மீட்டருக்கு மேல் முன்னே போய்விடும். 1,000 மீட்டர் உயரத்தில் பந்திங்குக்கு மேலே விட்டால், காற்று அசையாமல் இருக்கும் நாளில், கிள்ளானைத் தாண்டிப் போய் இறங்கலாம்.

மறுபடி மேலே ஏறுவதற்கு வெயில் வேண்டும். வெயிலில் சூடேறிய தரை தன் மேலுள்ள காற்றைச் சூடாக்கும். சூடான காற்று தூணாகத் திரண்டு மேலே எழும்பும். இதைத்தான் தெர்மல் என்கிறார்கள். அந்தத் தூணுக்குள் நுழைந்து வட்டமடித்தால், விமானம் தாழ்கிற வேகத்தைவிடக் காற்று எழும்புகிற வேகம் அதிகமாக இருக்கும். அப்படித்தான் உயரம் கூடுகிறது. தோட்டத்தில் பருந்து இறக்கையை அசைக்காமல் சுற்றிச் சுற்றி மேலே போவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். மார்ச் மாதம் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானுக்குப் போனால் இதன் மறுபாதியையும் பார்க்கலாம். சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் நீரிணையைக் கடந்து அங்கேதான் கரையேறுகின்றன. கடலுக்கு மேலே தெர்மல் சரியாக எழும்பாது. அதனால் அவை சோர்ந்து, மரத்தின் உச்சியை உரசுவதுபோலத் தாழ்ந்து வந்து சேரும். கரை வந்ததும் முதல் வேலையாகக் குன்றின் மேல் வட்டமடித்து ஏறும். பருந்துக்கு ஒரு வசதி, கடைசியில் இறக்கையை அடித்துக்கொள்ளலாம். கிளைடருக்கு அது இல்லை.

நம் ஊரில் ஏன் இந்த விளையாட்டு பெரிதாக வேரூன்றவில்லை என்பதற்கும் காற்றிலேயே பதில் இருக்கிறது. மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. தரையின் வெப்பநிலையிலிருந்து பனிநிலையை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலையை, கழித்து 125 ஆல் பெருக்கினால் மீட்டரில் உயரம் வரும். நம் ஊரில் மதியம் 33 பாகை, பனிநிலை 24 என்று வைத்துக்கொண்டால் 1,125 மீட்டர். தெர்மலும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் 38 பாகையும் பனிநிலை 8-ம் இருக்கும் நாளில் அதே கணக்கு 3,750 மீட்டரைக் காட்டும். உலகப் போட்டிகளை அங்கே வைகேரியில் 1974-லும் பெனாலாவில் 1987-லும் நடத்தியதற்கு இந்த வானம் ஒரு முக்கியக் காரணம். கீழே பரந்த வயல்வெளி இருப்பது இன்னொன்று.

வயலில் இறங்குவது தோல்விதான், விபத்து இல்லை

இதை மண்டோர் பெரியப்பாவுக்குப் புரியவைக்கத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. கிளைடர் வயலில் இறங்குவது அவசர நிலையே இல்லை. பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கப்படுவது அது. முதல் உலகப் போட்டி 1937-ல் ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் நடந்த காலத்திலிருந்தே விமானிகள் வயலில் இறங்கி, விவசாயியிடம் மன்னிப்புக் கேட்டு, டிரெய்லருக்குக் காத்திருக்கிறார்கள். இப்படி இறங்குவதற்கு 'லேண்ட் அவுட்' என்று பெயர். எங்கள் கிளப்பில் நல்ல காற்றில்லாத போட்டி நாளில் மூன்று நான்கு பேர் இப்படி இறங்குவார்கள். பெரும்பாலும் யாருக்கும் கீறல்கூட இருக்காது.

போட்டி எப்படி என்றால், காலையில் அன்றைய பாதை அறிவிக்கப்படும். குறிப்பிட்ட இடங்களைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். 300, 400 கி.மீ. என்பது சாதாரணம். சீக்கிரம் முடிப்பவருக்கு அதிகப் புள்ளி, நல்ல நாளில் வெற்றியாளருக்கு 1,000 வரை. வழியில் இறங்கிவிட்டவருக்கு அவர் கடந்த தூரத்துக்கு மட்டும்தான் புள்ளி, வேகத்துக்கான புள்ளி போய்விடும். போட்டி ஒரு வாரம், பெரிய போட்டியானால் இரண்டு வாரம் நடக்கும். எல்லா நாள் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி. பத்து நாள் நன்றாகப் பறந்தவர் ஒரு நாள் வயலில் இறங்கினால் பட்டியலில் மேலே ஏறவே முடியாமல் போகலாம்.

ஆக, ஒருவர் 600 மீட்டருக்குத் தாழ்ந்து வரும்போது அவர் தலைக்குள் இரண்டு கணக்கு ஓடுகிறது. ஒன்று உயிரோடு இறங்குவதற்கானது, இன்னொன்று இறங்காமல் தப்பிப்பதற்கானது. இரண்டும் ஒரே உயரத்தைத்தான் செலவழிக்கின்றன.

பயிற்சியில் சொல்லித்தரும் படிகள் கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஏறக்குறைய 600 மீட்டரில் இறங்கத்தக்க வயல்கள் இருக்கும் பகுதிக்குப் போய்விட வேண்டும். 450 மீட்டரில் ஒரே ஒரு வயலை முடிவு செய்ய வேண்டும். காற்று எந்தப் பக்கம், நீளம் போதுமா, சரிவு எப்படி, பயிர் எவ்வளவு உயரம், மாடு நிற்கிறதா, கம்பி போகிறதா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். 300 மீட்டரில் தேடலை நிறுத்திவிட்டு இறங்கும் வட்டத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். அதன்பிறகு பக்கத்திலேயே அருமையான தெர்மல் கிடைத்தாலும் அது அவருக்கு இல்லை. தாழும் காற்றில் வினாடிக்கு 2 மீட்டர் வீதம் இறங்கினால், 600-லிருந்து 300 வரை வருவதற்கு 150 வினாடி. இரண்டரை நிமிடம். இத்தனையையும் அதற்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

எங்கே வழுக்குகிறது

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஜனவரி மாதம், மாலை ஐந்தரை. போட்டியின் ஏழாவது நாள். ஒரு விமானியிடமிருந்து இடக்குறிப்பு வந்தது, குரல் சரியாக இல்லை. டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் போனோம். வழியெல்லாம் அறுவடை முடிந்த கோதுமை வயல்கள், பாய் விரித்ததுபோல் தாள் மட்டும் நிற்கிறது. ஒவ்வொன்றும் நம் தோட்டத்து டிவிஷன் அளவு. அதில் எதிலும் விமானம் இல்லை. கடைசியில் ஓடைப் பக்கம், வேலிக்கும் மரவரிசைக்கும் நடுவில், இடுப்பளவு காய்ந்த புல் வளர்ந்த ஒரு சின்னத் துண்டு நிலத்தில் கிடந்தது. புல்லுக்குள் பழைய பாசனக் கான் ஒன்று குறுக்கே ஓடியிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. சக்கரம் அதில் விழுந்து, மூக்கு இடித்து, வால் குழாய் நடுவில் பிளந்திருந்தது.

அவர் காக்பிட்டுக்கு வெளியே, இறக்கை நிழலில், முதுகை வளைக்காமல் மல்லாந்து படுத்திருந்தார். அவருடைய காலுறை முழுக்கப் புல்விதை ஒட்டியிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. காக்பிட்டில் இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டி, மூடியைத் திறக்கவே இல்லை. நான்கரை மணி நேரம் 37 பாகை வெயிலில் பறந்திருக்கிறார். முதுகெலும்பில் ஓர் எலும்பு நசுங்கியிருந்தது. பிழைத்தார், மறுபடி நடந்தார், அதற்குச் சில மாதங்கள் ஆயின.

அன்று இரவு அவருடைய பறப்புப் பதிவை எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். 1990-களின் நடுவிலிருந்து போட்டிகளில் ஜிபிஎஸ் பதிவுக்கருவி புழக்கத்தில் இருக்கிறது. எந்த வினாடி எந்த உயரத்தில் எங்கே இருந்தார் என்பது அதில் கோடாக வந்துவிடும். புள்ளி கணக்கிடத்தான் அது. விபத்து நடந்தால் அதுவே சாட்சி. 550 மீட்டரில் அவர் ஒரு பெரிய கோதுமைத் தாள் வயலுக்கு நேர் மேலே இருந்திருக்கிறார். நாங்கள் வழியில் பார்த்த வயல்தான். அங்கிருந்து அரை வட்டம், கொஞ்சம் நேர்ப்போக்கு, மறுபடி அரை வட்டம். ஒவ்வொரு முயற்சியிலும் சின்னதாக ஒரு தூக்கல் கிடைத்து, உடனே நழுவிப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் காற்று அவரை அந்த நல்ல வயலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. கடைசித் தேடல் வட்டம் 170 மீட்டரில். அதன்பிறகு எட்டும் தூரத்தில் இருந்தது அந்தப் புல் நிலம் மட்டும்தான்.

படங்களில் வருவதுபோல் ஒரே ஒரு பெரிய தவறு அதில் எங்கேயும் இல்லை. 'இன்னும் ஒரு வட்டம்' என்ற சின்ன ஆசை நான்கு முறை. அவ்வளவுதான்.

தாழ்வில் வட்டமடிப்பது ஏன் இத்தனை ஆபத்து என்பதற்குப் பௌதிகத்தில் காரணம் இருக்கிறது. இறக்கைமேல் காற்று ஒழுங்காக ஓட ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அதற்குக் கீழே போனால் தூக்குவிசை அறுந்துவிடும். இதுதான் ஸ்டால். கிளைடர் முன்னோடி ஓட்டோ லிலியந்தால் 1896-ல் இப்படித்தான் விழுந்து, மறுநாள் இறந்தார். சாய்ந்து திரும்பும்போது இறக்கை கூடுதல் பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் அந்தக் குறைந்தபட்ச வேகம் ஏறிவிடும். நேராகப் பறக்கும்போது மணிக்கு 70 கி.மீ.-ல் ஸ்டால் ஆகும் விமானம், 45 பாகை சாய்வில் 83-லேயே ஸ்டால் ஆகும். 60 பாகை சாய்வில் 99. கூடவே விமானம் நேராகத் திரும்பாமல் பக்கவாட்டில் சறுக்கினால் ஓர் இறக்கை முந்தி ஸ்டால் ஆகி, அந்தப் பக்கமாகத் திருகிக்கொண்டு விழும். அது ஸ்பின். உயரத்தில் இருந்தால் அதிலிருந்து மீள்வது பயிற்சி பெற்றவருக்குப் பெரிய விஷயமில்லை. தரைக்கு 100 மீட்டரில் மீள இடமே இல்லை.

கண்ணும் சேர்ந்து ஏமாற்றும். உயரத்தில் இருக்கும்போது தரை மெதுவாக நகர்வதுபோல் தெரியும். தாழ்ந்து, முதுகுக் காற்றோடு பறக்கும்போது மரமும் வேலியும் விரைந்து ஓடுவதுபோல் தெரியும். வேகம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து விமானி கைப்பிடியைப் பின்னுக்கு இழுப்பார். உண்மையில் காற்றில் அவர் வேகம் ஏற்கனவே குறைவு. தரை கிட்டே வந்துவிட்டதால் இறக்கையைச் சாய்க்கப் பயந்து, காலால் வாலை மட்டும் மிதித்துத் திருப்பப் பார்ப்பார். ஸ்பின்னுக்கு வேண்டிய எல்லாம் அங்கே சேர்ந்துவிடுகிறது. அந்த வீடியோவில் இருந்த கடைசி நேரத் திருப்பத்தைப் பார்த்ததும் எனக்கு இதுதான் உறைத்தது. அந்த உயரத்தில் யாரும் ஆசைப்பட்டுத் திரும்புவதில்லை. வேறு இடம் இல்லாமல்தான் திரும்புகிறார்கள்.

மற்றவை சுருக்கமாக. பயிர் உயரமாக இருந்தால் பயிரின் மேல்மட்டம்தான் தரை. இறக்கை நுனி மையத்திலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி இருப்பதால், அது எதிலாவது சிக்கினால் விமானத்தையே நெம்புகோல்போல் சுழற்றிவிடும். வீடியோவில் வால் ஒடிந்தது அப்படித்தான். மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடி அதிலிருந்து கம்பியை ஊகிக்க வேண்டும். சரிவான வயலில் எப்போதும் மேட்டை நோக்கித்தான் இறங்க வேண்டும், லேசான முதுகுக் காற்று இருந்தாலும் பரவாயில்லை. சில கிளைடர்களில் முதுகிலிருந்து வெளியே நீட்டும் சிறிய எஞ்சின் இருக்கும். அதை நம்பிக் கடைசிவரை காத்திருந்து, அது பற்றிக்கொள்ளாமல் போனால், நீட்டிய எஞ்சின் காற்றைத் தடுத்துச் சறுக்கும் தூரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடும். எஞ்சின் இருப்பதாலேயே மோசமாக முடிந்த இறக்கங்கள் இருக்கின்றன.

பெரட்டுக் களத்து முடிவு

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா சொன்னார்: "இது நம்ம மழைக் கணக்குத்தான்பா."

பால்மரக் காலத்தில் விடியுமுன்பே பெரட்டு, ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நேரம். வானம் மூடியிருந்தால் வெட்டு உண்டா இல்லையா என்று மண்டோர் அங்கேயே சொல்ல வேண்டும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். நேரம் போனால் பால் குறையும். வெட்டியபிறகு மழை வந்தால் பட்டை வழியாகத் தண்ணீர் ஓடி, பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் இருப்பதையும் கழுவிக்கொண்டு போய்விடும். ஆக, எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் நட்டம் இருக்கிறது. முடிவெடுக்காமல் 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று எட்டு மணிவரை ஆட்களை உட்காரவைத்தால் இரண்டு பக்கமும் நட்டம். மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது, ஆபீசில் கேள்வி வரும் என்ற பயத்தில், கறுத்த வானத்தின் கீழும் வெட்டுக்கு அனுப்பிய நாள்கள் உண்டு என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் மாறியது. வழுக்குகிற மலைக்காட்டில் பெண்கள் பால் வாளியோடு விழுந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

போட்டி விமானிக்கு ஆபீஸ் என்பது புள்ளிப் பட்டியல். வானம் சொல்வது ஒன்று, பட்டியல் சொல்வது வேறு. கூடவே பறக்கும் நான்கு விமானங்கள் இன்னும் மேலே வட்டமடித்துக்கொண்டிருப்பது கண்ணில் படும். அவர்களுக்குக் கிடைக்கிறதே, எனக்கும் கிடைக்கும் என்று தோன்றும். ஐந்து மணி நேர வெயில், குடிக்காத தண்ணீர். காலையில் தெளிவாக யோசித்த அதே ஆள் மாலையில் அதே தெளிவோடு இருப்பதில்லை. இதில் துணிச்சலைக் குறை சொல்லிப் பயனில்லை என்று நினைக்கிறேன். முந்தின நூறு தடவையும் அந்த ஆசை பலித்திருக்கிறது. 200 மீட்டரில் தெர்மல் பிடித்துத் தப்பி வந்தவரை அன்று மாலை கிளப்பில் எல்லாரும் தட்டிக்கொடுக்கிறார்கள். அந்தத் தட்டிக்கொடுத்தலும் விபத்தின் ஒரு பகுதிதான். நானும் தட்டிக்கொடுத்திருக்கிறேன்.

போட்டி விதிகள் இந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கின்றன. முன்பெல்லாம் முடிவுக் கோட்டைத் தரையோடு தரையாக உரசிக்கொண்டு கடப்பார்கள். இப்போது பல போட்டிகளில் திடலைச் சுற்றிச் சில கி.மீ. ஆரத்தில் ஒரு வளையம் வைத்து, அதைக் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல்தான் கடக்க வேண்டும் என்கிறார்கள். கடைசி கி.மீ.-ல் வேலியைத் தாண்டுமா தாண்டாதா என்று இழுத்துக்கொண்டு வருவதில் இனி லாபம் இல்லை. புள்ளிக்கும் பாதுகாப்புக்கும் இடையே இருந்த சண்டையை அந்த ஓர் இடத்திலாவது விதி தீர்த்துவைத்திருக்கிறது. வழி நடுவில் 300 மீட்டரில் நடக்கும் சண்டையை எந்த விதியாலும் எட்ட முடியவில்லை.

உயரம் இருக்கும்போதே முடிவெடுப்பது என்றால் என்ன என்பதற்குப் பெரிய விமானம் ஒன்றின் உதாரணம் உண்டு. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று, பவுண்டு, கிலோ குழப்பத்தில் எரிபொருள் குறைவாக நிரப்பப்பட்டு, நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றுபோனது. கேப்டன் பாப் பியர்சன் அனுபவமுள்ள கிளைடர் விமானி. முதலில் வின்னிப்பெக் விமான நிலையத்தை நோக்கித்தான் போனார்கள். துணை விமானி மாரிஸ் குவின்டல் உயரத்தையும் தூரத்தையும் கணக்குப் பார்த்து, எட்டாது என்று சொன்னார். உடனே அந்த ஆசையை விட்டுவிட்டு, கிம்லியில் இருந்த பழைய விமானப்படைத் திடலுக்குத் திரும்பினார்கள். பியர்சன் விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்து இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். அந்தச் சறுக்கலைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட, வின்னிப்பெக்கைக் கைவிட்ட அந்த நிமிடம்தான் பெரிது.

நம் தோட்டத்தில் வந்து இறங்கினால்?

கடையில் கடைசியாக எழுந்த கேள்வி இது. எல்லாரும் ஆளுக்கோர் இடம் சொன்னார்கள். "பள்ளிக்கூடத் திடல் இருக்கே" என்றார் ஒருவர். சரி, கணக்குப் போடுவோம். பந்துத் திடல் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஓரத்தில் 12 மீட்டர் உயரச் செம்பனை நிற்கிறது. இறக்கைமேல் எழும்பி இறக்கத்தைக் கூட்டும் ஏர்பிரேக்கை நன்றாகத் திறந்து வந்தாலும் கிளைடர் ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய 8 மீட்டர் முன்னே போகும். மரத்தைத் தாண்டித் தரையைத் தொடுவதற்குள் 96 மீட்டர் போய்விட்டது. உருண்டு நிற்க இன்னும் நூறு மீட்டருக்கு மேல் வேண்டும். கோல் கம்பத்தைத் தாண்டித் தலைமையாசிரியர் அறைக்குள்தான் நிற்கும்.

தோட்டத்துச் சாலை? இரு பக்கமும் மட்டை தொங்கும் ஐந்தாறு மீட்டர் அகலப் பாதையில் 15 மீட்டர் இறக்கையை எங்கே வைப்பது? செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறோம். வளர்ந்த மரத்தின் மட்டைகள் ஒன்றோடொன்று கைகோத்துவிடும். மேலிருந்து பார்த்தால் பச்சைப் புல்தரைபோல் இருக்கும் அது, 12 மீட்டர் வெற்றிடத்தின் மேல் விரித்த ஓலைக்கூரை. மறுநடவுக்கு வெட்டிப்போட்ட இடம் வெளிச்சமாகத் தெரியும், ஆனால் கூறுபோட்ட தண்டுகள் வரிசை வரிசையாகக் குவிந்திருக்கும். கோலலங்காட் சமவெளி முழுக்கக் கான் வெட்டி வடித்த நிலம். மூடுகொடி படர்ந்துவிட்டால் கான் இருப்பது நடக்கிறவனுக்கே தெரியாது.

மோரிப் கடற்கரையைச் சொன்னார் இன்னொருவர். இருப்பதில் அதுதான் மேல், ஆனால் அந்த மணலை நம்பி ஏமாந்த வரலாறு உண்டு. 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மோரிப்பில் கரையிறங்கியபோது, கெட்டியான தரை என்று நினைத்த இடத்தில் பல வண்டிகள் புதைந்துபோயின. மேலிருந்து பார்த்து நிலத்தின் கெட்டியைச் சொல்வது எப்போதுமே கடினம்.

எங்கள் பக்கம் உண்மையில் பறப்பது ஜுக்ரா குன்றிலிருந்து எழும் பாராகிளைடர்கள், குடைபோல் விரியும் துணி இறக்கையின் கீழ் ஆள் தொங்கிப் பறப்பவை. அவை வேகம் குறைந்தவை, சின்ன இடத்தில் இறங்கிவிடும், ஆனால் சறுக்கும் தூரமும் குறைவு. காற்று மாறினால் செம்பனைக்குள் போய்விடலாம். அதனால் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காட்டுக்குள் ஏதாவது விழுந்தால் முதலில் போய்ச் சேர்வது தீயணைப்பு வண்டி இல்லை, குலை அறுக்கும் ஆட்கள்தான். அடிபட்டவர் பேசுகிறார், முதுகு வலிக்கிறது என்கிறார் என்றால் தூக்காதீர்கள், இழுக்காதீர்கள், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். கிளைடரில் விமானி ஏறக்குறையப் படுத்த நிலையில், தரைக்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பார். இடி நேராக முதுகெலும்பில்தான் ஏறும். மின்கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தீ பிடிக்கும் நிலை இல்லையென்றால் அப்படியே விட்டு 999-க்கு அழையுங்கள். எந்த டிவிஷன், எந்தச் சாலை, எந்தப் பாலம் என்று சொல்லி, ஒருவரைச் சாலை முனையில் நிறுத்துங்கள். உடைந்த கார்பன் துண்டுகள் முள்போல் கையில் ஏறும், தொடவேண்டாம். எதையும் எடுத்து ஒதுக்கவும் வேண்டாம். விசாரணைக்காரர்களுக்குச் சக்கரத் தடமும் சாய்ந்த புல்லும்கூடப் பேசும். விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்ததைத் தடுப்பதுதான், யார்மேல் பழி என்று சொல்வது அதன் வேலை இல்லை என்று அனைத்துலக விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13-ஆம் பின்னிணைப்பே சொல்கிறது.

போன ஞாயிறு மாலை பெரியப்பாவை ஜுக்ராவுக்கு அழைத்துப் போனேன். நான்கைந்து பாராகிளைடர்கள் குன்றின் முகப்பில் மிதந்துகொண்டிருந்தன. அவர் வண்ணங்களைப் பார்க்கவில்லை. கீழே இறங்கு திடலையும், அதற்கு அந்தப் பக்கம் நிற்கும் செம்பனையையும், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் பார்த்தார். அப்புறம் ஒரு மஞ்சள் குடையைக் காட்டினார். மற்றவை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே அது குன்றைவிட்டு விலகி, நிறைய உயரத்தோடு திடலை நோக்கித் திரும்பியிருந்தது.

"அவன் இடத்தைப் பாத்துட்டான்" என்றார்.